ரவுண்டபவுட்டில் தடுமாறுகிறேன், உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில் இருக்கிறேன். சென்னையில் எட்டு வருடம் கார் ஓட்டியிருக்கிறேன். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம்தான் ஓட்டலாம், அந்தக் கெடு முடிந்துவிட்டது.

அதனால் இங்கத்திய லைசென்ஸுக்கான டெஸ்ட் எழுதுகிறேன். தியரியில் 50க்கு 47 வாங்கிவிட்டேன். போன மாதம் பிராக்டிகலில்தான் ஃபெயில். சின்னத் தவறுகள் ஐந்துதான். 15 வரை விடுவார்கள். ஆனால் பெரிய தவறு ஒன்று வந்தாலே போச்சு. ரவுண்டபவுட்டில் மூன்றாவது வழியில் வெளியேறும்போது இடது கண்ணாடியைப் பார்க்காமல் லேன் மாறிவிட்டேன். அன்று முழுக்க மனசே சரியில்லை.

தியரி சான்று இரண்டு வருடம்தான் செல்லும், எனக்கு மார்ச்சில் முடிகிறது. பெரிய ரவுண்டபவுட்டில் நீங்கள் எந்த இடத்தில் கண்ணாடி பார்த்து இண்டிகேட்டர் போடுகிறீர்கள்? அப்புறம், மேனுவல் காரில் பொறுமையாகச் சொல்லித்தரும் தமிழ்ப் பயிற்சியாளர் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?