தெர்மாகோலில் அலைச்சறுக்குப் பலகை: படகு ரெசின் பூசலாமா? ரெயில்களைச் சமமாக இழைப்பது எப்படி?

கோவளத்தான்:

வணக்கம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கு பழகி வருகிறேன். எடை 72 கிலோ. எழுந்து நின்று, அலையின் முகத்தில் பக்கவாட்டாகச் செல்லும் அளவுக்குப் பழக்கம் உண்டு. பயிற்சிக்குத் தரும் மென்பலகையை விட்டுவிட்டு, என் உடலுக்கும் இங்குள்ள அலைகளுக்கும் பொருந்தும் பலகை ஒன்றை நானே செதுக்க விரும்புகிறேன். பலகை செதுக்கப் பயன்படும் பாலியூரித்தேன் நுரைக் கட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது என்பதால் தெர்மாகோலில் செய்ய எண்ணுகிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஃபைபர் படகு கட்டும் பட்டறைகளில் எளிதாகக் கிடைக்கும் ரெசினையும் (இறுகும் பிசின்) மேட்டையும் (கண்ணாடியிழை விரிப்பு) இதற்குப் பயன்படுத்தலாமா? கையால் இழைக்கும்போது இடப்பக்க ரெயிலும் வலப்பக்க ரெயிலும், அதாவது பலகையின் பக்க விளிம்புகள், ஒன்றுபோல அமைய என்ன செய்ய வேண்டும்?

இழைப்புளி:

முதல் கேள்விக்கு விடை, கூடவே கூடாது என்பதுதான். படகுப் பட்டறையில் இருப்பது பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும்; ஊற்றிய சில நிமிடங்களில் கட்டியில் பள்ளம் விழுவதை நீங்களே ஒரு துண்டில் சோதித்துப் பார்க்கலாம். தெர்மாகோலுக்கு எபாக்சி என்ற வேறு வகை ரெசின் மட்டுமே பொருந்தும். படகு மேட்டும் வேண்டாம். அது ரெசினை ஏராளமாகக் குடித்துப் பலகையைக் கனமாக்கிவிடும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள, நெய்த கண்ணாடியிழைத் துணியைத் தேடுங்கள்.

கட்டியின் அடர்த்தியையும் கேட்டு வாங்குங்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் கால் அழுத்தத்தைத் தாங்காது. கன மீட்டருக்கு 30 கிலோவை ஒட்டிய அடர்த்தி இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் பலகை செதுக்கும் தொழிலில் இருக்கிறேன்; இங்கே இன்றும் பாலியூரித்தேனை விரும்புவோர் ஏராளம். பாலியூரித்தேன் கட்டிகளுக்கான அமெரிக்கச் சந்தையில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பரில் திடீரென்று மூடப்பட்டபோதுதான், கட்டிக்கு வழியில்லாமல் தவித்த பலர் தெர்மாகோலையும் எபாக்சியையும் முனைந்து பழகினார்கள்.

உங்கள் எடைக்கும் பழக்கத்துக்கும் 6 அடி 4 அங்குல நீளம், 21 அங்குல அகலம், 2¾ அங்குலத் தடிமன் சரியாக இருக்கும். கொள்ளளவு 40 லிட்டரை ஒட்டி வரும். மென்மையான அலைக்கு ராக்கர், அதாவது அடிப்பாகத்தின் வளைவு, குறைவாக இருப்பதே நல்லது: மூக்கில் 4½ அங்குலம், வாலில் 2 அங்குலம் போதும். வளைவு கூடினால் செங்குத்தான அலையில் மூக்கு குத்தாது. ஆனால் தட்டையான அலையில் துடுப்புப்போடும்போதே பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இந்த வளைவைப் பிளேனரால் (இழைக்கும் கருவி) உருவாக்க முயல வேண்டாம். ஒட்டுப்பலகையில் ஒரே வடிவில் இரண்டு அச்சுகள் வெட்டிக் கட்டியின் இருபுறமும் பொருத்தி, சூடேற்றிய நைக்ரோம் கம்பியை அவற்றின் மேல் இழுத்தால் ராக்கர் பிசகாமல் வந்துவிடும்.

ரெயிலைச் சமப்படுத்தக் கண்ணை மட்டும் நம்பாமல் கோடுகளை நம்புங்கள். மேற்புறத்தில் விளிம்பிலிருந்து 1½ அங்குலத்திலும் 3 அங்குலத்திலும், பக்கச் சுவரில் பாதி உயரத்திலும் இருபுறமும் பென்சில் கோடு போடுங்கள். முதலில் ஒரு கோட்டுக்கும் மற்றொரு கோட்டுக்கும் இடையே தட்டையான சாய்வுப் பட்டைகளாக மட்டும் வெட்டுங்கள். உருட்டுவது கடைசி வேலை. பிளேனரின் ஆழத்தை மாற்றாமல், இடப்பக்கம் மூன்று முறை ஓட்டினால் வலப்பக்கமும் மூன்றே முறை, அதே வேகத்தில் ஓட்டுங்கள். பட்டைகளின் அகலம் இருபுறமும் ஒத்துவந்த பிறகே உப்புத்தாளைத் தொட வேண்டும்.

விளக்கு இதைவிட முக்கியம். தலைக்கு மேலுள்ள விளக்கை அணைத்துவிட்டு, பலகையின் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ அதன் மட்டத்திலேயே டியூப் லைட்டுகளைக் கிடையாக மாட்டுங்கள். சுவருக்கு அடர்நீல வண்ணம் பூசினால் இன்னும் நல்லது. அப்போது மேடு பள்ளம் ஒவ்வொன்றும் நிழலாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தோன்றிய ரெயில் இந்த வெளிச்சத்தில் அலையலையாகக் காட்சியளிக்கும்.

பின்பக்கத்தின் கடைசி 15 அங்குலத்துக்கு அடிவிளிம்பைக் கூர்மையாக விடுங்கள். தண்ணீர் அங்கே பலகையைவிட்டுப் பிரிய வேண்டும். அதற்கு முன்னால் விளிம்பு மெல்ல மெல்ல உருண்டைக்கு மாற வேண்டும், ஏனெனில் உருண்ட ரெயிலைத் தண்ணீர் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

நேர்கோடு:

மேலே சொன்னவை எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு பாடு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. இன்று கடைகளில் விற்கும் பலகைகளில் பெரும்பாலானவை கணினிவழி எந்திரத்தில் வெட்டப்பட்டவை. கைவினைஞர் கடைசியாக உப்புத்தாள் மட்டுமே போடுகிறார். வடிவத்தைக் கணினியில் வரைந்து, தெர்மாகோல் வெட்டும் எந்திரம் உள்ள பட்டறையில் கொடுத்தால் இரண்டு ரெயில்களும் ஒன்றுபோல வந்துவிடும்.

இழைப்புளி:

மறுக்கவில்லை, நாங்களும் எந்திரத்தைப் பயன்படுத்துகிறோம். ஆனால் எந்திரம் திரையில் வரைந்ததைத்தான் வெட்டும். 2¾ அங்குலத் தடிமனை ரெயில் வரைக்கும் கொண்டுபோவதா, நடுவில் நிறுத்தி ஓரத்தை மெலிப்பதா என்பதைக் கையில் பிடித்துப் பார்க்காத ஒருவர் திரையில் எப்படித் தீர்மானிப்பார்? எனவே முதல் பலகையைக் கையால் செய்வதே இவருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

பொத்துவிலான்:

இலங்கையின் அறுகம் குடாவில் பலகை பழுதுபார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். நம் வெயிலில் தெர்மாகோல் பலகைக்கு வரும் கேடு பெரும்பாலும் காற்றால்தான். வெப்பம் ஏறும்போது கட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரமான ரெசினுக்குள் குமிழாக மேலெழும். ஆகையால் துணி போர்த்தி ரெசின் பூசும் வேலையைக் காலையில் தொடங்காதீர்கள். வெப்பம் இறங்கும் மாலைதான் உகந்தது. பூசுவதற்கு முன் கட்டியின் மேல் முழுவதும் எடை குறைந்த பட்டியை மெல்லத் தேய்த்துத் துளைகளை அடைப்பதும் அவசியம். மேற்புறம் இரண்டு துணிகள், அடிப்புறம் ஒன்று போதும். கருநிறம் வேண்டாம், காற்றுப் போக்கும் திருகு ஒன்றைப் பொருத்துங்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் எபாக்சியின் மேல் பிசுபிசுப்பான படலம் படியக்கூடும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சுப் பூசினால் ஒட்டாது. எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையாக மாறிவிடும் என்பதால் கையுறையை ஒருபோதும் கழற்றாதீர்கள்.

கோவளத்தான்:

இருவருக்கும் நன்றி. ஃபின் (வாலின் அடியில் பொருத்தும் செதில்) அமைப்பில் ஒற்றை ஃபினா, மூன்றா? பின்னாளில் விரிசல் விட்டால், வெயிலில் இறுகும் ஆயத்த ரெசினால் அடைக்கலாமா?

பொத்துவிலான்:

மூன்றே வையுங்கள், 1981இல் ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் சைமன் ஆண்டர்சன் அந்நாட்டின் பெல்ஸ் பீச் போட்டியை வென்று நிலைநாட்டிய அமைப்பு இன்றும் மாறவில்லை. பக்க ஃபின்களின் பின்முனை வாலிலிருந்து சுமார் 11 அங்குலத்திலும், நடு ஃபின்னின் பின்முனை 3½ அங்குலத்திலும் இருக்கட்டும். பக்க ஃபின்களின் முன்முனையைக் கால் அங்குலம் உள்நோக்கித் திருப்புங்கள்.

ஆயத்த ரெசின் வாங்கும்போது குழாயின் மேல் எபாக்சி என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். கடையில் அதிகம் விற்பது பாலியெஸ்டர் வகை. விரிசல் வழியே அது கட்டியைத் தொட்டால் உள்ளே குழி விழும். எதை வைத்து அடைத்தாலும், பலகையை இரண்டு நாள் நிழலில் சாய்த்து வைத்து உள்ளே புகுந்த தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகே அடையுங்கள்.