செலிக்கா முன் ஸ்ரட் மவுண்ட்: ஸ்ரியரிங் வெட்டேக்கை "டொய்ங்" எண்ட சத்தம்

கேள்வி: கொக்குவில்_செலிக்கா

வணக்கம். கார் 2001 ரொயொட்டா செலிக்கா. நிண்ட இடத்திலை ஸ்ரியரிங்கை முழுசா வெட்டினால் இடப்பக்கம் முன்னுக்கு "டொய்ங்" எண்டு ஸ்பிரிங் துள்ளுது. சின்னக் குழிகளிலை "டக் டக்". திருப்பம் முடிஞ்சாலும் ஸ்ரியரிங் தானா நேருக்கு வர மாட்டன் எண்டு நிக்குது. ஸ்ரபிலைசர் லிங்க் இரண்டும் புதுசு, சத்தம் போகேல்லை. மேல் மவுண்ட், அதாவது ஸ்ரட்டைப் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தூண்) பொடியோட பிடிக்கிற றப்பர் தானோ? வீட்டிலை வைச்சு மாத்தலாமோ? ஷொக்கும் சேர்த்து மாத்த வேணுமோ?

பதில் 1: ஸ்பானர்14

காசு குடுக்க முதல் கையாலை பிடிச்சுப் பாருங்கோ. கார் நிலத்திலை நிக்க, ஒராள் ஸ்ரியரிங்கை மெதுவா வெட்டட்டும். நீங்கள் ஸ்பிரிங்குக்கு வெளிப்பக்கமா உள்ளங்கையை வையுங்கோ, விரலைச் சுருளுக்குள்ளை விட்டிடாதேங்கோ. மவுண்டோட இருக்கிற பெயரிங் (ஸ்பிரிங்கைத் திரும்ப விடுறது) நல்லதெண்டால் ஸ்பிரிங் ஒரே சீராத் திரும்பும். இறுகிப் போச்செண்டால் ஸ்பிரிங் முறுகி நிண்டு, பிறகு ஒரே துள்ளாத் துள்ளும். உங்கட "டொய்ங்" அதுதான். ஸ்ரியரிங் நேருக்கு வராததுக்கும் அந்த முறுக்கு தான் காரணம்.

"டக் டக்" வேறை கணக்கு. பொனட்டைத் திறந்து, ஷொக்கின்ரை தண்டை மவுண்டோட பிடிக்கிற நடு நட்டிலை விரலை வைச்சுக்கொண்டு, மற்ற ஆளை மட்காட்டை அமத்தி அமத்தி விடச் சொல்லுங்கோ. நட்டு தனியாக் குதிச்சால் றப்பர் இரும்பை விட்டுக் கழண்டிட்டுது. நட்டு அசையாமல் சத்தம் மட்டும் வந்தால் மவுண்டை விட்டிட்டு, கீழ் போல் ஜொயின்டையும் ஆம் புஷ்ஷையும் பாருங்கோ.

வாங்க வேண்டியது: மவுண்ட் 2, பெயரிங் 2 (சிலது மவுண்டோடையே வரும், கடையிலை பெட்டியைத் திறந்து பாருங்கோ), நடு லொக் நட்டு 2, பம்ப் ஸ்ரொப்பும் (ஷொக் முழுசா இறங்கேக்கை முட்டுற றப்பர்) தண்டை மூடுற தூசு உறையும் இரண்டு சோடி. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதேங்கோ, ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஸ்ரான்லி வீதியிலை கேவைபி (KYB) மவுண்ட் கிடைச்சால் எடுங்கோ. கொழும்பு பஞ்சிகாவத்தையிலை இருந்து பாவிச்ச மவுண்ட் எடுப்பிக்கிறது வீண் வேலை, அந்த றப்பருக்கும் உங்கட காரின்ரை வயசு தான்.

கழட்டுறது: பின் சில்லுக்குக் கட்டை, முன்னுக்கு ஜக் அடிச்சு ஸ்ராண்டிலை இருத்துங்கோ. ஜக்கை மட்டும் நம்பி கீழை குனியக் கூடாது. சில்லைக் கழட்டிப்போட்டு, பிறேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர், லிங்க் மூண்டையும் விடுவியுங்கோ. ஸ்ரட்டும் நக்கிளும் (சில்லைத் தாங்கிற இரும்பு) சேருற இடத்திலை பெயின்ராலை கோடு கீறிப்போட்டு இரண்டு போல்ட்டையும் கழட்டுங்கோ. உடனை நக்கிளைக் கம்பியாலை கட்டிவிடுங்கோ. வெளிப்பக்கம் சரிய விட்டால் ஹோஸ் இழுபடும், ட்ரைவ் ஷாப்ட்டின்ரை உள் ஜொயின்ரும் கழண்டு வரும். கடைசியா ஸ்ரட்டைக் கையிலை தாங்கிக்கொண்டு மவுண்டைப் பொடியோட பிடிக்கிற மேல் நட்டு மூண்டையும் எடுங்கோ.

நடு நட்டைக் கார் நிலத்திலை நிக்கேக்கையே கால் சுத்து இளக்கி வைச்சால் பிறகு வேலை சுகம்.

பதில் 2: வல்வை_காத்து

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கேல்லை. கால் சுத்து எண்டு சொல்லுவியள், புதுசாச் செய்யிற ஆள் நட்டு இளகுற சுகத்திலை இன்னும் இரண்டு சுத்துவார். ஸ்பிரிங் முழுப் பலத்தோட அதுக்குக் கீழை இருக்கு. முதல் ஸ்பிரிங்கை ஒடுக்குங்கோ, பிறகு நட்டைத் தொடுங்கோ.

கொம்பிறசர் (ஸ்பிரிங்கை ஒடுக்கிற கருவி) கொக்கி இரண்டையும் நேரெதிராப் போட்டு, மாறி மாறி இரண்டு சுத்து இரண்டு சுத்தா இறுக்குங்கோ. ஒண்டை மட்டும் இறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு கொக்கி வழுகும். மேல் தட்டிலை ஸ்பிரிங் கையாலை ஆட்ட ஆடவேணும். அதுக்குப் பிறகு தான் நட்டு. ஸ்ரட்டின்ரை மேல் முனைக்கு நேரை முகத்தை வைக்காதேங்கோ.

எயர் கண் (காத்திலை சுத்திற நட்டுக் கருவி) வேண்டாம். தண்டு உள்ளுக்குச் சுத்தி ஷொக்கின்ரை சீலைத் தின்னும். தண்டின்ரை மேல் நுனியைப் பிடிச்சுக்கொண்டு ஸ்பானராலை கழட்டுங்கோ. பளபளப்பான தண்டிலை குறடு போட்டால் அண்டைக்கே ஷொக் முடிஞ்சுது, ஒரு கீறல் காணும் எண்ணெய் கசிய.

இஞ்சை உப்புக் காத்துக்கு மேல் நட்டுகள் பூட்டியிருக்கிற போல்ட்டுகள் துருப்பிடிச்சு நிக்கும். முதல் நாள் பின்னேரமே துரு இளக்கி எண்ணெய் விட்டு வைச்சால், அடுத்த நாள் ஒண்டும் முறியாது.

பதில் 3: கொக்குவில்_செலிக்கா

நன்றி அண்ணைமார். சோதிச்சுப் பாத்தன்: ஸ்பிரிங் துள்ளுது, இடப்பக்க நட்டும் குதிக்குது. பூட்டேக்கை என்ன கவனிக்க வேணும்?

பதில் 4: ஸ்பானர்14

வல்வை சொன்ன மாதிரியே செய்யுங்கோ, புது ஆளுக்கு அது தான் பாதுகாப்பு.

பூட்டேக்கை ஆக்கள் விடுற பிழை மூண்டு. ஸ்பிரிங்கின்ரை கீழ் நுனி தட்டின்ரை படியிலை முட்டி இருக்கவேணும். படியை விட்டு ஏறி நிண்டால் ஓடேக்கை "டக்" எண்டு இறங்கும், நீங்கள் புது மவுண்டைப் பழி சொல்லுவியள். மேல் தட்டிலை வெளிப்பக்கம் எண்ட அடையாளம் இருந்தால் அது சில்லுப் பக்கம் பாக்கவேணும். பெயரிங்கைத் தலைகீழாப் போட்டால் ஒரு மாதத்திலை திரும்ப இதே "டொய்ங்", அதாலை பழசைக் கழட்டேக்கை போனிலை ஒரு படம் எடுங்கோ.

நடு நட்டு புதுசு தான் போடவேணும், பழைய லொக் நட்டுப் பிடிக்காது. ரொர்க் ரென்சாலை (இறுக்கத்தை அளக்கிற ஸ்பானர்) மனுவலிலை உள்ள அளவுக்கு இறுக்குங்கோ. அதை இறுக்கி முடியும் வரை கொம்பிறசரைக் கழட்டாதேங்கோ. சில்லு நட்டு 103 நியூட்டன் மீற்றர், கார் நிலத்துக்கு வந்த பிறகு.

ஷொக்: தண்டைக் கையாலை அமத்திப் பாருங்கோ. எண்ணெய் கசிவு, இடையிலை வெறுமையா இறங்கிற இடம், இல்லாட்டி விட்ட பிறகு எழும்பாமல் கிடக்கிறது, இதிலை ஒண்டு இருந்தால் இரண்டு பக்கமும் மாத்துங்கோ. ஒண்டும் இல்லையெண்டால் பழசே ஓடட்டும்.

பதில் 5: வல்வை_காத்து

பெயின்ற் கோட்டுக்கு நேரைப் பூட்டினாலும் அலைன்மென்ட் பாக்காமல் விடாதேங்கோ. போல்ட் ஓட்டையிலை ஒரு மயிரளவு தள்ளினால் கேம்பர் (சில்லின்ரை சாய்வு) மாறும், அதோட ரோவும் (சில்லு உள்ளுக்கோ வெளியிலையோ பாக்கிற கோணம்) மாறும், ரயரின்ரை ஒரு விளிம்பு முதல்லை தேயும். பந்தயக் காருக்குப் போடுற உலோக பில்லோ போல் மவுண்டைக் கடைக்காரர் காட்டினால் வேண்டாதேங்கோ. றப்பர் இல்லாததாலை குழியிலை விழுற அடி எல்லாம் நேரை பொடிக்கு ஏறும், தூசு போனால் அதுவும் ஆடும்.