கோடையில் சட்ட நூலகம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சிக்காரன்:
வணக்கம். மே மாதம் அமெரிக்காவில் எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் படிப்பு) முடித்தேன். ஜூலைக் கடைசியில் நியூயார்க் பார் தேர்வு, அதாவது வழக்கறிஞராவதற்கான உரிமத் தேர்வு எழுதப் போகிறேன். விடுதி அறையைக் காலி செய்தாகிவிட்டது. இப்போது நண்பர்களோடு இருக்கிறேன், ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்து படிக்க வழியில்லை. பட்டம் வாங்கிய பிறகும் கல்லூரி நூலகத்துக்குள் விடுவார்களா? கோடையில் அங்கே என்ன உதவி கிடைக்கும்? அனுபவப்பட்டவர்கள் விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

மதுரைப் பெண்:
தம்பி, கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் விடுவார்கள். இங்கே சட்டக் கல்லூரி நூலகங்களுக்குக் கோடை என்றாலே பார் தேர்வுக் காலம்தான். வகுப்பு இருக்காது, வளாகம் காலியாகக் கிடக்கும், ஆனால் நூலகத்தில் மட்டும் ஆள் இருக்கும். ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். பட்டம் வாங்கியவர்களின் அடையாள அட்டை சில இடங்களில் ஜூன் முடிவோடு வேலை செய்யாமல் போய்விடும். புத்தகம் கொடுக்கும் மேசையில் போய், பார் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். படிப்பறைகளை முன்பதிவு செய்வதில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்றும் அப்போதே கேளுங்கள். எங்கள் கல்லூரியில் இருந்தது.

இடமும் குளிர்சாதனமும் பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு உண்மையில் கைகொடுத்தது ரெஃபரன்ஸ் மேசையில் இருந்த நூலகர். அந்த வேலையில் இருப்பவர்களில் பலர் சட்டப் பட்டமும் நூலகப் பட்டமும் இரண்டும் படித்தவர்கள். என் நூலகர் தானே பார் தேர்வு எழுதித் தேறியவர். நான் இந்தியாவில் எல்.எல்.பி. முடித்தவள் என்று சொன்னதும், "உனக்குத் தெரியாத பாடத்தில் பிரச்சினை வராது, தெரிந்த பாடத்தில்தான் வரும்" என்றார். அப்படித்தான் ஆனது.

உதாரணத்துக்கு ஒப்பந்தச் சட்டம். நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 2(டி) பிரிவில், வாக்குறுதி கொடுப்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஏற்கெனவே செய்து முடித்த காரியமும் பிரதிபலன் (வாக்குறுதிக்கு ஈடாகக் கொடுப்பது) ஆகும். அமெரிக்காவில் பொதுவிதி நேர் எதிர், பழைய பிரதிபலன் செல்லாது. சாட்சியச் சட்டமும் அப்படித்தான். காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. அது நமக்கு ரத்தத்தில் ஊறியது. இங்கே 1966ஆம் ஆண்டு மிராண்டா தீர்ப்பின்படி, பேசாமல் இருக்கும் உரிமை போன்றவற்றைக் காவல்துறை எடுத்துச் சொன்ன பிறகு குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து சொன்னதாக இருந்தால் அது நீதிமன்றத்துக்குள் வந்துவிடும். இரண்டு நிமிடத்துக்குள் பதில் குறிக்க வேண்டிய இடத்தில் கை பழைய சட்டத்துக்குத்தான் போகும். இப்படி முட்டிக்கொள்ளும் இடங்களை ஒரு பக்கத்தில் எழுதி வைக்கச் சொன்னது அந்த நூலகர்தான். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் கடைசி வாரம் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன்.

அடுத்தது, புத்தகத்துக்குக் காசு கொட்டாதீர்கள். பார் பயிற்சி நிறுவனங்களின் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். அதற்கு மேல் துணைநூல் வேண்டுமென்றால் ரிசர்வ் அலமாரியைப் பாருங்கள். சில மணி நேரத்துக்கு உள்ளேயே வைத்துப் படிக்கத் தருவார்கள். அப்புறம் 'காலி' (CALI) என்ற அமைப்பின் பாடங்கள். 1982இல் மினசோட்டா, ஹார்வர்ட் சட்டக் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. கணினியில் கேள்வி பதிலாக நடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. கல்லூரி உறுப்பினராக இருந்தால் நூலகமே பதிவுக் குறியீடு தரும். கட்டுரைப் பகுதிக்கு நியூயார்க் தேர்வு வாரியத்தின் தளத்திலேயே பழைய வினாக்களும் மாதிரி விடைகளும் இலவசமாகக் கிடைக்கும்.

ஜூலை பிறந்ததும் நூலகத்தையே தேர்வு அறையாக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் தேர்வில் காலை 3 மணி நேரத்தில் 100 கேள்வி, மதியம் 3 மணி நேரத்தில் இன்னும் 100. வீட்டில் உட்கார்ந்து அதைப் பழக முடியாது. நடுவில் டீ போட எழுந்துவிடுவோம். நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு அறையைப் பதிவு செய்து, கைபேசியை வெளியே வைத்துவிட்டு, கடிகாரம் பார்த்து எழுதினோம். முதல் தடவை மதியப் பகுதியில் எல்லாருக்குமே மதிப்பெண் சரிந்தது. அது தெரிந்ததால்தான் மதியச் சாப்பாட்டைக் குறைத்து, பிற்பகலில் கேள்வி போடும் பழக்கத்துக்கு மாறினோம்.

ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஜூலையிலும் உள்ளே நடுங்கும். காதடைப்பான் கேட்டால் பல நூலகங்களில் சும்மாவே தருவார்கள்.

இரண்டாமாண்டு ஜேடி:
அக்கா தேர்வுப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் கோடை வேலைப் பக்கம் சொல்கிறேன். ஜேடி என்ற அமெரிக்கச் சட்டப் படிப்பில் முதலாண்டு முடிந்து ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தேன். போவதற்கு முன் ஏப்ரலில் நூலகம் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. தேர்வு நெருக்கத்தில் பலர் வரவில்லை, நான் போனேன். வகுப்பில் சொன்ன முதல் விஷயம், வேலை கையில் வந்ததும் வெஸ்ட்லா என்ற கட்டணச் சட்டத் தரவுத்தளத்தின் தேடல் பெட்டியில் நாலு வார்த்தையைத் தட்டாதே என்பது. அந்தத் துறையில் நல்ல விளக்க நூல் எது என்று பார், அதன் பொருளடக்கத்திலிருந்து உள்ளே போ, அதுவே உன்னைச் சட்டப்பிரிவுக்கும் முக்கியத் தீர்ப்புக்கும் கொண்டுபோய் விடும். தேடலுக்கு ஆகும் செலவைக் கட்சிக்காரர் கணக்கில் எழுதும் நிறுவனங்கள் உண்டு. அங்கே கண்டபடி தேடினால் யாரோ ஒருவர் அதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வாரமே எனக்கு ஒரு காலவரையறைச் சட்டக் கேள்வி, அதாவது வழக்குப் போடும் கெடு பற்றிய கேள்வி வந்தது. நான் பார்த்தே இராத மாநிலம். மதிய இடைவேளையில் கல்லூரி நூலகரிடம் இணைய அரட்டையில் கேட்டேன். விடையைச் சொல்லவில்லை, அது அவர் வேலையும் இல்லை. அந்த மாநில வழக்கறிஞர்கள் கையில் வைத்திருக்கும் நடைமுறை நூல் எது, நிறுவனத்தின் சந்தாவில் அது எங்கே இருக்கும் என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் குறிப்பு தயார். இப்படிக் கேட்கும்போது கட்சிக்காரர் பெயரையோ வழக்கின் விவரத்தையோ வெளியே விடக் கூடாது. கேள்வியைப் பொதுவாக மாற்றிக் கேட்கவும் அந்த வகுப்பிலேயே பழக்கினார்கள்.

கல்லூரிக் கடவுச்சொல்லைக் கோடை வேலைக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வெஸ்ட்லாவுக்கு ஒரு விதி, அதைப் போன்ற இன்னொரு தளமான லெக்சிஸுக்கு வேறு விதி.

ஏஐ பற்றியும் கண்டிப்பாகப் பேசினார்கள். 2023 ஜூனில், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிய தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதற்காக நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டது. எந்தத் தீர்ப்பையும் திறந்து படித்து, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று சரிபார்த்த பிறகே எழுத வேண்டும் என்பதை அந்த வழக்கை வைத்தே விளக்கினார்கள்.

எடிசன்வாசி:
நான் சட்டம் படித்தவன் இல்லை. நியூஜெர்சியில் வாடகை வீட்டைக் காலி செய்த பிறகு முன்பணம் திரும்பி வரவில்லை. கேட்டால் சுவருக்குப் பெயிண்ட், தரைக்குப் பாலிஷ் என்று வாய்க்கணக்கு. பக்கத்து ஊர்ச் சட்டக் கல்லூரி நூலகத்தில் பொதுமக்களையும் உள்ளே விடுவார்கள் என்று அலுவலக நண்பர் சொன்னார். அரசு ஆவணங்களை வாங்கி வைக்கும் கூட்டாட்சி வைப்பு நூலகமாக இருந்தால் அந்த ஆவணங்களை எல்லாருக்கும் இலவசமாகக் காட்டியே ஆக வேண்டுமாம். போவதற்கு முன் கோடை நேரத்தைத் தளத்தில் பார்த்துக்கொண்டேன். சனி, ஞாயிறு குறைத்துவிடுகிறார்கள்.

மேசையில் இருந்த அம்மா முதலிலேயே தெளிவாகச் சொன்னார். "சட்ட ஆலோசனை தர எனக்கு அனுமதியில்லை, சட்டம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன்." குறிப்புரையோடு இருக்கும் மாநிலச் சட்டத் தொகுப்பை எடுத்து வைத்தார். பின் அட்டைக்குள் செருகியிருந்த சிறு இணைப்பையும் உருவிக் காட்டி, புதிய திருத்தங்கள் அதில்தான் இருக்கும், அதைப் பார்க்காமல் போகாதீர்கள் என்றார். அங்கே இருந்தது: வாடகைக்காரர் வெளியேறி 30 நாளுக்குள் பிடித்தம் செய்த தொகைகளைப் பட்டியலிட்டு மீதியைத் தர வேண்டும். தராமல் நீதிமன்றம் போய் வென்றால் வர வேண்டிய தொகை இரட்டிப்பாகும். பிரிவு எண்ணைப் போட்டு ஒரு கடிதம் எழுதினேன். கடிதம் போன வாரமே காசோலை வந்தது.

கல்லூரிப் பக்கமே போகாத நம்மவர்கள் நிறைய பேருக்கு இந்த வழி தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

புத்தக மேசை:
நான் ஒரு சட்ட நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். செப்டம்பரிலும் நவம்பரிலும் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜூன், ஜூலையில் ஒரு மாணவரோடு ஒரு மணி நேரம் உட்கார முடியும். ஆனால் அப்போதுதான் யாரும் வந்து கேட்பதில்லை. குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்துத் தயங்குகிறார்கள். மேசையில் நாங்கள் உட்கார்ந்திருப்பதே கேட்பதற்குத்தான். வேறு நூலகத்தில் இருக்கும் புத்தகத்தைக்கூட வரவழைத்துத் தருவோம். பட்டம் வாங்கியவர்களுக்கு அந்த வசதி தொடருமா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் கேளுங்கள்.

திருச்சிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இன்று காலையே போய்ப் பதிவு செய்துவிட்டேன். அட்டையைத் தேர்வு முடியும்வரை நீட்டித்துக் கொடுத்தார்கள். நாளை 11 மணிக்கு நூலகரைச் சந்திக்க நேரம் வாங்கியிருக்கிறேன். இன்னொரு கேள்வி: தேர்வு முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டால் அமெரிக்கத் தீர்ப்புகளை எங்கே படிப்பது?

மதுரைப் பெண்:
ஹார்வர்ட் சட்ட நூலகம் தன்னிடமிருந்த தீர்ப்புத் தொகுதிகளில் சுமார் 4 கோடிப் பக்கங்களை ஸ்கேன் செய்து 2024 முதல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கத் திறந்துவிட்டிருக்கிறது. சட்டப் பிரிவுகளுக்கு 1992 முதல் இயங்கும் கார்னெல் சட்டத் தகவல் நிலையத்தின் தளம் இருக்கிறது. புதிய தீர்ப்புகளுக்கு கோர்ட்லிசனர் என்ற தளத்தைப் பாருங்கள். மூன்றுக்கும் கடவுச்சொல் தேவையில்லை, ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்தே படிக்கலாம்.