கிரேப்ஃப்ரூட்டில் திராட்சை எங்கே இருக்கிறது?

மரங்கொத்தி:
ஆங்கிலத்தில் 'கிரேப்' என்றால் திராட்சை. ஆனால் கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த கசப்புப் பழம். பிறகு இந்தப் பெயர் எப்படி வந்தது? காய்த்த மரத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வராது: திராட்சையைப் போலக் குலைகுலையாகத் தொங்கும்.

பழஞ்சுவடி:
கேட்க நன்றாக இருக்கிறது; ஆதாரம்? 1814இல் ஜமைக்காவின் தாவரங்களைப் பற்றி எழுதிய ஜான் லூனன், திராட்சையின் சுவையை ஒத்திருப்பதால் இப்பெயர் என்கிறார். குலையைப் பற்றி மூச்சே விடவில்லை.

மரங்கொத்தி:
மனிதர் அதைத் தின்றுதான் எழுதினாரா? நான் தின்றிருக்கிறேன். வேப்பங்கொழுந்தைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றது போல இருந்தது. தவிர, பெயரை வைத்தவர் லூனன் அல்ல. வழக்கில் இருந்ததைப் பதிவு செய்தவர். ஊரார் வைத்த பெயருக்குப் படித்தவர் பின்னால் வந்து காரணம் சொல்வதற்கு நம்மிடம் தலபுராணம் என்று பெயர்.

பழஞ்சுவடி:
தலபுராணமாகவே இருக்கட்டும் ஐயா, உங்கள் குலைக்கு அதுகூட இல்லையே! நீங்கள் மனத்தில் வைத்திருப்பது கடையில் விற்கும் இனிப்புத் திராட்சை. கரீபியக் கடற்கரைகளில் 'கடல் திராட்சை' என்றே ஒரு மரம் உண்டு. திராட்சைக் கொடிக்கு உறவே இல்லாத மரம். ஜமைக்காக்காரர்கள் நாக்கில் இருந்தது அந்தச் சுவையாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

செம்மண்:
இருவரும் 1814ஐ விட்டு நகர மறுக்கிறீர்கள். 1750லேயே பார்படோஸ் தீவைப் பற்றி எழுதிய கிரிஃபித் ஹியூஸ் 'விலக்கப்பட்ட கனி' என்று ஒரு பழத்தைக் குறிப்பிடுகிறார். அது இதே பழம்தானா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை. ஆனால் 1830இல் தாவரவியலாளர் மக்ஃபேடியன் இதற்குச் சூட்டிய தாவரவியல் பெயர் 'சிட்ரஸ் பாரடைசி'. 'பாரடைஸ்' என்றால் சொர்க்கம்; விலக்கப்பட்ட கனி இருந்த ஏதேன் தோட்டத்து வாசனை அதில் அடிக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் திராட்சையும் வேண்டாம், ஏதேன் தோட்டமும் வேண்டாம். அவர்கள் சொல்லும் 'பாம்பிள்மூஸ்', நம் பம்பளிமாஸுக்கு உறவுக்காரன்.

மரங்கொத்தி:
பழஞ்சுவடி, அந்தக் கடல் திராட்சை எப்படிக் காய்க்கும் என்று பார்த்தீர்களா? நீளமான குலையாக! உங்கள் சாட்சியே என் பக்கம் பேசுகிறார்.

பழஞ்சுவடி:
அதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காய்க்கும் விதம் வேறு, பெயர்க்காரணம் வேறு. லூனன் காலத்துக்காரர் ஒருவராவது குலை என்று எழுதியிருந்தால் காட்டுங்கள்.

மரங்கொத்தி:
தேடுகிறேன். இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்.