அம்மாவின் நோயை மறைத்தே தங்கையை வளர்த்துவிட்டோம். கல்யாணத்துக்கு முன்னால் சொல்லிவிடலாமா?

கோரையாற்றுக்காரன்:

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். வீட்டில் அம்மா, அப்பா, நான், தங்கை. எனக்கு ஒன்பது வயதில் தங்கை பிறந்தாள். அவள் பிறந்து பத்து நாள் ஆவதற்குள் அம்மாவுக்குத் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இரவெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் விடியற்காலையில் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு நடந்து போய்விட்டார். தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். பச்சை உடம்புக்காரியைக் காத்து அடித்துவிட்டது என்றார்கள், மந்திரித்தார்கள், குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள், அப்புறம் திருச்சியில் ஒரு மனநல டாக்டர் பார்த்து இது பைபோலார் நோய், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குகிற நோய் என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்த பிறகுதான் அம்மா பழையபடி அம்மாவாக வந்தார். இன்று வரை அந்த மாத்திரைதான். நடுவில் இரண்டு தடவை மாத்திரையை நிறுத்திப் பார்த்து மறுபடி வந்திருக்கிறது.

தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. அந்தச் சமயத்தில் அவளைப் பாபநாசத்தில் பெரியம்மா வீட்டில் வைத்து வளர்த்தார்கள், அம்மாவுக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள், அதையே அவளும் இன்று வரை நம்புகிறாள். மாத்திரை எதற்கு என்று கேட்டால் நரம்புத் தளர்ச்சி. தஞ்சாவூரிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருந்தும் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திருச்சிக்குத்தான் ரயில் ஏறுவோம். உள்ளூர் டாக்டரிடம்கூட பிரஷர் மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடுவார் அப்பா. அம்மாவுக்கு மூட்டுவலி, அடிக்கடி அவரிடம் ஊசியும் வலி மாத்திரையும் வாங்கிக்கொள்வார், அதற்கப்புறம் சில நாள் கை நடுக்கம் அதிகமாக இருக்கும்.

குறுவை அறுப்பு முடிந்த கையோடு தங்கைக்கு நிச்சயம் ஆகிவிட்டது. வலங்கைமான் பக்கத்து மாப்பிள்ளை, நல்ல குடும்பம். தை மாதம் முகூர்த்தம். மாமா என்னைத் தனியாக வயல் பக்கம் கூட்டிப் போய், மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். எனக்குத் தூக்கம் வருவதில்லை. வயிற்றில் எரிச்சல் என்று எண்டோஸ்கோப்பி வரை பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே எந்த நண்பனையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. யாராவது சும்மா அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாலே உள்ளே எதுவோ இறுகுகிறது. இதைத் தங்கையிடம் சொன்னால், என்னைப் பெற்றதால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதா என்று உடைந்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், சொல்லாமல் அனுப்பிவைப்பது துரோகமோ என்ற எண்ணம் இன்னொரு பக்கம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

உப்புக்காற்று (நாகை):

அண்ணா, உங்கள் தங்கை இருக்கும் இடத்தில் இருந்தவள் நான், அதனால் எழுதுகிறேன்.

2003இல் ஆற்றில் தண்ணீர் வராமல் வயல் எல்லாம் கிடந்த வருஷம் என் அப்பா இறந்தார். எனக்கு ஏழு வயது. மாரடைப்பு என்று சொன்னார்கள். பத்தொன்பது வயதில், தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கோபத்தில் என் அம்மாவைப் பார்த்துச் சொன்ன வார்த்தையில்தான் அது மாரடைப்பு இல்லை, அப்பா தானே தேடிக்கொண்ட முடிவு என்று தெரிந்தது. தெருவுக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

அப்பா எப்படிச் செத்தார் என்பதைவிட, இத்தனை வருஷம் அம்மாவும் சித்தப்பாவும் என் முகத்தைப் பார்த்து ஒரே கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் அறுத்தது. அதற்கப்புறம் அவர்கள் சொன்ன வேறு எதையுமே நம்ப முடியாமல் இரண்டு மூன்று வருஷம் கஷ்டப்பட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், நமக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் ஏதோ இருக்கிறது என்பது குழந்தைக்கு எப்போதும் தெரியும். அப்பா பேச்சு எடுத்தால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஏன் என்று புரியாத குழந்தை, தன்னிடம்தான் ஏதோ தப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் தங்கைக்கு உங்கள் வாயால் தெரியட்டும், அண்ணா. கல்யாணப் பந்தலில் யாரோ ஒரு சொந்தக்காரர் வாயால் தெரிய வேண்டாம். மந்திரித்தபோது பார்த்தவர்கள் உங்கள் ஊரில் இல்லையா? கண்டிப்பாக இருப்பார்கள்.

---

கும்பகோணம் டீச்சர்:

தம்பி, நான் ஓய்வு பெற்றவள், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். தங்கையிடம் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதில்தான் மறுப்பு. அதை இங்கே யாரும் பேசாமல் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு பெண்ணின் அம்மாவுக்கு மனநோய் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்பந்தம் முறிந்தால்கூடப் பரவாயில்லை. முறியாமல் கல்யாணம் நடந்து, அப்புறம் அந்தப் பெண் எதற்குக் கோபப்பட்டாலும், குழம்பில் உப்பு கூடினால்கூட, "ஆத்தா மாதிரிதானே இருப்பா" என்று பேசுவார்கள். அவளுக்கு அழக்கூட உரிமை இருக்காது. உன் மாமா சொன்னது பயத்தில் சொன்னது, ஆனால் அந்தப் பயம் பொய்யில்லை. சர்க்கரை வியாதி என்றால் எல்லோரும் சொல்கிறார்கள், இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பது சுலபம். விலை கொடுப்பது எப்போதும் பெண்தான்.

அதனால் முதலில் தங்கை. அப்புறம் யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். வாழப்போகிறவள் அவள். நீயும் உன் மாமாவும் வயலில் நின்று முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

---

மனநலப் பிரிவு ஊழியர் (திருவாரூர் மாவட்டம்):

மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லித்தியம் எடுப்பவர்கள் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் மாதிரி வலி மருந்துகளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அவை ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான். கை நடுக்கம் அதிகமாவது அதன் அறிகுறியாக இருக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த வாரமே லித்தியம் அளவு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு மூன்றும் ரத்தத்தில் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி போடுகிற டாக்டருக்கு எந்த மாத்திரை என்றே தெரியாமல் இருப்பது அம்மாவின் சிறுநீரகத்துக்கும் உயிருக்கும் ஆபத்து, எனவே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி எப்படிப் போனாலும் உள்ளூர் டாக்டரிடம் சொல்வதைத் தள்ளிப்போட முடியாது.

அடுத்தது தங்கை. அம்மாவுக்கு வந்தது பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும். அப்போதும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. பைபோலாரும் அப்படித்தான், பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது நூற்றுக்குப் பத்து வரை, மீதி தொண்ணூறு பேருக்கு இல்லை. ஆனால் தங்கை கர்ப்பமாகும்போது பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இந்த வரலாறு தெரிந்திருந்தால், பிள்ளை பெற்ற முதல் வாரங்களில் அவளுக்கு இரவுத் தூக்கம் கிடைக்க வீட்டில் ஏற்பாடு செய்யலாம், இரண்டு இரவு தூங்கவில்லை என்றதுமே கூட்டி வரச் சொல்லலாம். உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத அந்தக் கவனம் தங்கைக்குக் கிடைக்கும். அவளுக்குத் தெரியாவிட்டால் டாக்டரிடம் எதைச் சொல்வாள்? மஞ்சள்காமாலை என்றுதான் சொல்வாள்.

"என்னால்தான் ஆனதா" என்று அவள் கேட்பாள், கேட்கட்டும். பிரசவத்துக்குப் பின் உடம்பில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன, தூக்கம் கெடுகிறது, ஏற்கெனவே அந்த இயல்பு உள்ளவர்களுக்கு நோய் வெளிப்படுகிறது. குழந்தை யாராக இருந்தாலும் அது நடந்திருக்கும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னால் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

உங்கள் தூக்கமின்மைக்கு வருகிறேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்லெப்பியன் என்பவரும் அவருடைய குழுவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் எதிரில் நின்று ஒன்றை மறைக்கிற நேரம் குறைவு, யாரும் கேட்காதபோது மனம் தானாக அதன்மேல் போய்ப் போய் நிற்பதுதான் அதிகம், அதுதான் மனநிலையைப் பாதிக்கிறது என்று பார்த்தார்கள். பென்னிபேக்கரும் ஓஹீரனும் 1984இல், துணையைத் தற்கொலையிலோ விபத்திலோ இழந்தவர்களைப் பார்த்தபோது, நண்பர்களிடம் பேசியவர்களுக்கு அதே நினைவு சுழல்வதும் உடல்நலக் கோளாறுகளும் குறைவாக இருந்தன. ஊருக்கே சொல்ல வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம்பிக்கையான ஒரு ஆள் போதும். உங்களுக்கு இத்தனை வருஷமாக அந்த ஒரு ஆள் இல்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 14416 டெலி மானஸ் என்பது அரசின் மனநல உதவி எண், 2022இல் தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இன்று ராத்திரி தூக்கம் வராவிட்டால் கூப்பிடுங்கள். நாகைத் தங்கச்சி, உங்களுக்கும்தான்.

சட்டம் பற்றி: இந்துத் திருமணச் சட்டம் 1955, ஐந்தாவது பிரிவு மணமக்களின் மனநிலையைப் பற்றித்தான் பேசுகிறது, மணமகளின் தாயைப் பற்றி இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆவது பிரிவுப்படி, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இத்தனை பேர் முடிவு செய்கிறீர்களே, அம்மாவிடம் கேட்டீர்களா? நோய் அவருடையது.

---

கோரையாற்றுக்காரன்:

சார், கேட்கவில்லை. படித்ததும் அதுதான் முதலில் தைத்தது. அம்மா எதிரில் அந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசினதே இல்லை, அவருக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நேற்று அப்பா வயலுக்குப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவருக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. வாய்க்கால் கரை, குணசீலம், குழந்தையைத் தூக்கிப் போனது, எல்லாம். "பால் கட்டிக்கிட்டு வலிச்சுது, பிள்ளையைக் கொண்டாங்கன்னு கத்தினேன், யாரும் குடுக்கல" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் இத்தனை வருஷம் இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று. தங்கையிடம் சொல்லலாமா என்றதற்கு முதலில் வேண்டாம் என்றார், கல்யாணம் நின்றுபோனால் தன்னால்தான் என்று ஆகிவிடும் என்று அழுதார். பிரசவ விஷயத்தை எடுத்துச் சொன்னதும் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அப்பாவும் மாமாவும் இல்லாத நேரத்தில் சொல்லலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை தங்கை கும்பகோணத்திலிருந்து வருகிறாள்.

டீச்சரம்மா, மாப்பிள்ளையிடம் சொல்வதை அவளே முடிவு செய்யட்டும் என்று நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஊசி நிறுத்தியாகிவிட்டது. உள்ளூர் டாக்டரிடம் சீட்டைக் காட்டினேன், அவர் கோபப்படவில்லை, முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். ஒரே ஒரு சந்தேகம் சார், திருச்சி போக இந்த வாரம் தேதி கிடைக்கவில்லை. லித்தியம் அளவை வெளி லேபில் பார்க்கலாமா, வெறும் வயிற்றிலா?

---

மனநலப் பிரிவு ஊழியர் (திருவாரூர் மாவட்டம்):

பார்க்கலாம், எல்லா லேபிலும் செய்வதில்லை, முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறு முக்கியம் இல்லை, நேரம்தான் முக்கியம். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். தண்ணீர் வழக்கம்போலக் குடிக்கட்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்க வேண்டாம். முடிவு வந்ததும் டாக்டருக்குப் போனில் சொல்லிவிடுங்கள், தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். நடுக்கம் அதற்குள் கூடினால் நேராகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், லித்தியம் எடுக்கிறார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.