பிபி + உமி மாவு பட்டுனு ஒடியுது: சைலேன் போடலாமா?

அம்பை உமி:
ரீசைக்கிள் பிபி (பாலிப்ராப்பிலீன் பிளாஸ்டிக்) 58, உமி மாவு (60 மெஷ் சல்லடையில சலிச்சது) 40, வழுக்கலுக்கு ஸிங்க் ஸ்டியரேட் 2, எல்லாம் எடைக் கணக்கு. ட்வின் ஸ்குரூவில (ரெட்டைத் திருகு வச்சு உருக்கிக் கலக்குத மெஷின்) ஓட்டி நாற்று ட்ரே அடிக்கோம். லேசா வளைச்சாலே ஒடியுது. ஒடிஞ்ச இடத்தில ஒரு பக்கம் உமித்துணுக்கு நீட்டிக்கிட்டு நிக்கு, எதிர்ப்பக்கம் சுத்தமான குழி. கடைக்காரர், ரெண்டையும் ஒட்டவைக்க சைலேன்னு ஒரு கெமிக்கல் போடச் சொல்லுதார். சரியா வருமா அண்ணாச்சி?

பேட்டை கலவை:
சுத்தமான குழின்னா ஒட்டவே இல்லைன்னு அர்த்தம். சைலேனோட ஒரு முனை உமியைப் பிடிக்கும். மறுமுனை பிடிக்க பிபியில ஒண்ணும் கிடையாது. வினையைத் தூண்டுத பெராக்சைடு சேர்த்தாத்தான் நடக்கும், அது பிபி சங்கிலியையே அறுத்துப்போடும். உங்களுக்கு வேண்டியது மலேயிக் அன்ஹைட்ரைடுங்கிற கெமிக்கலைச் சங்கிலியில ஒட்டவச்ச பிபி, அதாவது கிராஃப்ட் செஞ்ச பிபி. அன்ஹைட்ரைடு உமியில இருக்குத ஹைட்ராக்சில் (OH) தொகுதியோட சேரும், வால்பகுதி பிபியோட பின்னிக்கிடும்.

பிபி 56, உமி 40, கிராஃப்ட் பிபி 3, எஸ்டர் வகை லூப்ரிகன்ட் 1. ஸிங்க் ஸ்டியரேட்டை முதல்ல எடுத்துருங்க. அது அன்ஹைட்ரைடோட வினைபுரிஞ்சு, உமிக்குப் போக வேண்டியதைத் தின்னுரும். காசு போட்டு வாங்கியும் 'வேலை செய்யலை'ன்னு சொல்லுதவங்க பலபேர் சறுக்குத இடம் இதுதான்.

தாழையூத்து:
உமி ஈரம் எவ்வளவு? ஒரு சதவீதத்துக்குக் கீழ வரணும். சித்திரை வெயில்ல காயவச்சாலும் அந்த அளவுக்கு இறங்காது. 105 டிகிரி ஓவன்ல மெல்லிசாப் பரப்பி ஆறு மணி நேரமாவது வைக்கணும். ஐப்பசி மழையில திறந்த சாக்கு திரும்ப ஈரம் குடிச்சிரும், சூட்டோட கட்டிருங்க. ஈரம் இருந்தா அன்ஹைட்ரைடு ஆசிடா மாறிப் பிடிப்பு குறையும், ட்ரேயில குமிழும் வரும். மெஷின் பேரல் சூடு 170–185 டிகிரி, 200 தாண்டினா உமி கருகும். உமியில சிலிக்கா உண்டு, ஸ்குரூ தேய்மானத்தையும் பார்த்துக்கிடுங்க.

அம்பை உமி:
உமிக்குப் பதில் சுண்ணாம்புக்கல் மாவு போட்டா சைலேன் பிடிக்குமா?

பேட்டை கலவை:
பிடிக்காது. சைலேனுக்குக் கண்ணாடி நார், சிலிக்கா மாதிரிதான் வேணும். சுண்ணாம்புக்கல் மாவுக்கு ஸ்டியரிக் ஆசிட் பூச்சு, அதுவும் கட்டி தட்டாமப் பரவத்தான், ஒட்டுதலுக்கு இல்லை.

இன்னொண்ணு, உங்க ரீசைக்கிள் மாலில் ஹெச்டிபிஇ (பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்ல ஒரு வகை) கலந்திருக்கான்னு பாருங்க. தண்ணித் தொட்டியில ரெண்டுமே மிதக்கும், அதை வச்சுப் பிரிக்க முடியாது. ஹெச்டிபிஇ அதிகம்னா கிராஃப்ட் செஞ்ச பாலிஎத்திலீன் (பிஇ) தான் வாங்கணும்.

தாழையூத்து:
கிராஃப்ட் பிபி இல்லாம ஒரு பேட்ச், அப்புறம் 2, 3, 5 சதவீதத்தில ஒவ்வொரு பேட்ச்னு மொத்தம் நாலு பேட்ச் அடிங்க. துண்டை 24 மணி நேரம் தண்ணியில போட்டு எடை கூடுறதைப் பாருங்க, அப்புறம் ஒடிச்சுப் பாருங்க. உமி நீட்டாம மட்டத்தோட அறுந்திருந்தா ஒட்டியிருக்கு. ஆனா கிராஃப்ட் பிபி பலத்தைத்தான் கூட்டும், வளையுத தன்மை தராது. ட்ரே வளையணும்னா உமியை 25–30க்கு இறக்கணும், இல்லைன்னா கொஞ்சம் எலாஸ்டோமர் (ரப்பர் மாதிரிப் பொருள்) சேர்க்கணும்.