புல்புலி கானாவில் உள்ள ரசியா சுல்தானின் கல்லறை: தில்லிப் பயணத்தில் சேர்க்க வேண்டிய இடமா?

நெடுவழிப்பயணி:
தில்லிக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் செங்கோட்டையையும் ஜாமா மசூதியையும் பார்த்துவிட்டு, சாந்தினி சௌக் கடைவீதியைச் சுற்றி முடித்ததும் ஆக்ராவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஜாமா மசூதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், துர்க்மான் கேட் என்னும் பழைய நகர வாயிலுக்கு உட்புறம், புல்புலி கானா என்னும் நெருக்கமான குடியிருப்புக்குள், தில்லி அரியணையில் தன் சொந்த உரிமையில் அமர்ந்து ஆண்ட ஒரே பெண்ணான ரசியாவின் கல்லறை என்று வழிவழியாகச் சொல்லப்படும் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. நம் குழுவின் அடுத்த தில்லிப் பயணத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

அங்கே மாளிகையோ குவிமாடமோ கிடையாது. தலைக்கு மேல் மின்கம்பிகள் பின்னிக் கிடக்கும் குறுகிய சந்துகளில் திரும்பித் திரும்பிப் போனால், நான்கு புறமும் வீடுகளின் சுவர்கள் உயர்ந்து நிற்க, நடுவில் வானம் பார்த்த ஒரு சிறிய முற்றம் தென்படும். தாழ்வான மேடையில் இரண்டு எளிய கல் சமாதிகள் இருக்கின்றன. மேற்குச் சுவரில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் ஒன்று உள்ளது. அக்கம்பக்கத்தார் இரண்டையும் சேர்த்து ‘ரஜ்ஜி சஜ்ஜி’ என்பார்கள். இரண்டாவது சமாதி ரசியாவின் சகோதரி சாசியாவினுடையது என்பது மரபு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் என்பதால் அறிவிப்புக் கல்லும் உண்டு. அதைத் தவிர, உள்ளே ஒரு சுல்தான் உறங்குவதாக உணர்த்தும் அடையாளம் எதுவும் இல்லை. 1236 முதல் 1240 வரை பேரரசை ஆண்டவரின் பெயரோடு சேர்ந்த இடம் இப்படி இருப்பதைக் கண்ணால் பார்ப்பதே ஒரு வரலாற்றுப் பாடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சான்றுதேடி:
ஐயா, தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். முன்மொழிவை ஏற்க இயலவில்லை. அந்த இரு சமாதிகளிலும் கல்வெட்டு இல்லை. ரசியாவின் காலத்திலேயே வாழ்ந்து, அவரது ஆட்சியில் தில்லி நாசிரியா மதரசாவின் பொறுப்பைப் பெற்ற வரலாற்றாசிரியர் மின்ஹாஜுஸ் சிராஜ், தம் ‘தபகாத்-இ-நாசிரி’ நூலில், 1240 அக்டோபரில் கைத்தல் அருகே படையினர் கைவிட்ட நிலையில் ரசியாவும் அவருடைய கணவர் அல்துனியாவும் கொல்லப்பட்டதாகவே எழுதியிருக்கிறார். இன்று ஹரியானாவில் உள்ள அந்தக் கைத்தலும் தன்னிடத்தில்தான் கல்லறை இருப்பதாக உரிமை கொண்டாடுகிறது. இராஜஸ்தானின் டோங்க்கும் அப்படியே சொல்கிறது. ஓர் அரசிக்கு மூன்று ஊர்களில் கல்லறை இருக்க முடியாது.

நம்மவர்களிடம் இருப்பது ஒரு பகல் பொழுதுதான் என்றால், ஐயத்துக்கு இடமில்லாத ஓரிடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வதே முறை. வசந்த் குஞ்ச் பக்கம் உள்ள சுல்தான் காரியை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? ரசியாவின் உடன்பிறந்தவரும் வங்கத்தை ஆண்டவருமான நாசிருதீன் மஹ்மூதுக்காகத் தந்தை இல்துத்மிஷ் 1231 இல் எழுப்பிய கல்லறை அது. வாயிலிலேயே ஆண்டு பொறித்திருக்கிறது. கோட்டை போன்ற மதிலுக்குள், தரைக்குக் கீழே எண்கோண நிலவறையில் சமாதி இருக்கிறது. வியாழக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே விளக்கேற்றுகிறார்கள். அதே குடும்பம், அதே காலம், ஐயமற்ற சான்று. இதை விட்டுவிட்டு ஊகத்தின் பின்னால் ஏன் போக வேண்டும்?

நெடுவழிப்பயணி:
சுல்தான் காரியும் போக வேண்டிய இடமே. அதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் புல்புலி கானாவை வெறும் ஊகம் என்று தள்ளுவது நியாயமன்று. ரசியா மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் தில்லியில் வாழ்ந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அவரது கல்லறை யமுனைக் கரையில் இருப்பதாகவும் மக்கள் அருள் வேண்டி அங்கே செல்வதாகவும் எழுதியிருக்கிறார். யமுனை அக்காலத்தில் இன்றைய பழைய தில்லிக்கு இன்னும் நெருங்கி ஓடியது. ஷாஜஹான் 1639 இல் தம் நகரத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அப்பகுதி ஆற்றோரக் காடாகத்தான் இருந்தது. துர்க்மான் கேட்டுக்குப் பெயர் தந்த ஷா துர்க்மான் பயாபானி என்னும் சூஃபி துறவி, தனிமை நாடி அங்கே தங்கியவர். மின்ஹாஜ் சொல்வது கொலை நடந்த இடத்தை. அடக்கம் செய்த இடத்தை அல்ல.

உடையாளூரை எண்ணிப் பாருங்கள். கும்பகோணத்துக்கு அருகே தோப்புக்குள் இருக்கும் ஒரு லிங்கத்தை இராசராச சோழனின் சமாதி என்று மக்கள் வணங்குகிறார்கள். ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அதற்காக அங்கே போகிறவர்களை யாரேனும் தடுக்கிறோமா?

சான்றுதேடி:
இப்னு பதூதாவை முழுமையாகப் படித்தால் அவர் தங்களுக்குத் துணை நிற்கவில்லை என்பது தெரியும். தோற்று ஓடிவந்த ரசியா பசியோடு ஓர் உழவனிடம் ரொட்டி கேட்டு உண்டு உறங்கியதாகவும், ஆணுடைக்குள் பொன்வேலைப்பாடு மின்னுவதைக் கண்ட அவன் அவரைக் கொன்று தன் வயலிலேயே புதைத்ததாகவும், உடையை விற்கப் போய் அகப்பட்டுக்கொண்டதாகவும், பின்னர் உடலை எடுத்து முறைப்படி நீராட்டி அதே இடத்தில் அடக்கம் செய்து மேலே குவிமாடம் எழுப்பியதாகவும் அவர் சொல்கிறார். ஆக, அவர் கூற்றுப்படி கொலை நடந்த இடமே கல்லறை. அது யமுனைக் கரை என்றால் கைத்தல் பொய்யாக வேண்டும்; கைத்தல் மெய் என்றால் இந்தக் கதை நிற்காது. கொலையை ஒருவரிடமிருந்தும் கல்லறையை இன்னொருவரிடமிருந்தும் எடுத்து நாமே ஒட்டுவது சரியா? மேலும், நகரிலிருந்து ஒரு பர்சக் தொலைவு, அதாவது ஐந்தாறு கிலோமீட்டர், என்கிறார். அன்றைய சுல்தான்களின் நகரம் மெஹ்ரௌலிப் பக்கம் இருந்தது; அங்கிருந்து துர்க்மான் கேட் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான தூரம். குவிமாடமும் இன்று இல்லை. உடையாளூருக்குப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. அங்கே சென்று ‘இதுதான்’ என்று அறுதியிட்டுச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

தில்லிவாசி:
நீங்கள் இருவரும் ஏட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தில்லியில் வெகுகாலமாக வசிப்பவன் என்ற முறையில் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்த முற்றத்தைச் சுற்றிலும் மக்கள் வாழ்கிறார்கள். மேற்குச் சுவரை ஒட்டித் தொழுகை நடத்துகிறார்கள். சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்; அங்கே நாற்பது பேர் கொண்ட குழு ஒலிபெருக்கி வழிகாட்டியோடு நுழைந்தால், வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும் பெண்கள் எழுந்து உள்ளே போய்விட வேண்டியதுதான்.

துர்க்மான் கேட் மக்களுக்கு வெளியாட்களின் அக்கறை மீது அச்சம் ஏற்படக் காரணமும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், நகரை அழகுபடுத்துவதாகச் சொல்லித்தான் அங்கே வீடுகளை இடித்தார்கள். எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 2010 இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். வீடுகள் சமாதியின் தோளில் சாய்ந்து நிற்கும் ஒரு மொஹல்லாவில், அதாவது நெருக்கமான குடியிருப்பில், இந்த அளவுகள் எத்தனை குடும்பங்களைத் தொடும் என்று எண்ணிப் பாருங்கள். கவனம் கூடக் கூட, ஒழுகும் கூரையைச் சரிசெய்யவும் அனுமதிக் கடிதம் எதிர்பார்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு வரும். விருப்பமுள்ள ஒருவர் தனியாகப் போய் அமைதியாகப் பார்த்து வரட்டும். பயணத் திட்டத்தில் அச்சிட்டு விளம்பரப்படுத்த வேண்டாம்.

கற்றளி மகள்:
தில்லிவாசி ஐயா அவர்களின் கவலை உண்மையானது. ஆனால் யாரும் பார்க்காத சின்னத்துக்கு இந்த நகரத்தில் என்ன நேரும் என்பதையும் நாம் மறக்கலாகாது. டிஃபென்ஸ் காலனியில் லோதி காலத்து ஷேக் அலி கும்டி என்றொரு கல்லறை இருக்கிறது. குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று அதைப் பல பத்தாண்டுகள் தன் அலுவலகமாக வைத்திருந்தது. குவிமாடத்துக்குக் கீழே மேசையும் நாற்காலியும் விசிறியும் போட்டுக்கொண்டிருந்தவர்களை 2025 இல் உச்ச நீதிமன்றம்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது. அன்றாடம் அவ்வழியே போன ஆயிரக்கணக்கானோருக்கு அது கல்லறை என்ற நினைவே இல்லாமற்போனதால்தான் இது இவ்வளவு காலம் நீடித்தது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மின்ஹாஜ் ரசியாவைப் பற்றி எழுதும்போது அறிவு, நீதி, கொடை, கல்வியாளரைப் பேணுதல், படை நடத்தும் ஆற்றல் என்று அரசருக்கு வேண்டிய பண்புகள் அனைத்தையும் அவரிடம் கண்டதாகச் சொல்லிவிட்டு, ஆணாகப் பிறவாததால் அவற்றால் என்ன பயன் என்று முடிக்கிறார். திரையை விலக்கி, ஆடவர் அணியும் மேலங்கியும் தொப்பியும் தரித்து, யானை மீதேறி மக்கள் காண வலம் வந்தவர் அவர். தந்தைக்கு உலக மரபுச் சின்னமான குதுப் வளாகத்தில் நுண்செதுக்கல் நிறைந்த கல்லறை. சகோதரனுக்குக் கோட்டைச் சுவர். மகளுக்குப் பெயர் பொறிக்காத கல். ஒரு பெண்ணாக அந்த முற்றத்தில் நின்றபோது எனக்கு எழுந்த சினம் எந்தக் கல்வெட்டைப் படித்தபோதும் எழுந்ததில்லை. சான்று முழுமையாக இல்லை என்பதே அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியின் ஒரு பகுதியாக எனக்குத் தோன்றுகிறது.

தில்லிவாசி:
தாங்கள் காட்டிய எடுத்துக்காட்டு என் பக்கமே பேசுகிறது, அம்மா. அந்தக் கும்டி வசதி படைத்தவர்கள் வாழும் காலனியில், எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. அதை மீட்டது சுற்றுலாப் பயணிகள் அல்லர். நீதிமன்றத்தில் விடாமல் வழக்காடிய ஒரு குடிமகன். புல்புலி கானாவிலோ, அந்த ஏழை மொஹல்லாவின் மக்கள் சமாதியை அலுவலகமாக்கவில்லை. தொழுகை இடமாகவே வைத்துக் காத்திருக்கிறார்கள். நாம் போய்த்தான் காக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை.

நெடுவழிப்பயணி:
நாற்பது பேரை அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நான்கைந்து பேராகப் பிரிந்து, வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து, வீட்டு வாசல்களைப் படமெடுக்காமல், தொழுகை நடக்கும் பக்கத்தில் காலணியோடு நடக்காமல் போய் வரலாம். அதே நடையில், 1387 இல் கான்-இ-ஜஹான் ஜூனான் ஷா கட்டிய கலான் மசூதியையும் பார்க்கலாம். துக்ளக் காலத்துச் சரிவுச் சுவர்களும் உயர்ந்த படிக்கட்டும் இன்னும் அப்படியே நிற்கின்றன. வழி கேட்டால் அந்தத் தெருக்காரர்களே கொண்டுபோய் விடுகிறார்கள் என்பது என் அனுபவம். அவர்கள் நம்மை வரவேண்டாம் என்று சொல்லாதபோது, அவர்களுக்காக நாம் கதவைச் சாத்துவானேன்? முன்மொழிவு அப்படியே நிற்கிறது.

சான்றுதேடி:
பெரும்பான்மையோர் போக விரும்பினால் போகட்டும். என் வாக்கு சுல்தான் காரிக்குத்தான். ஆனால் குழுவின் பெயரில் அச்சிடும் குறிப்பில் ‘ரசியா சுல்தானின் கல்லறை’ என்று போடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். ‘ரசியாவினுடையது என மரபாகக் கருதப்படும் சமாதி’ என்று இருக்க வேண்டும். கைத்தல், டோங்க் ஆகிய ஊர்களின் பெயர்களும் அதே வரியில் வர வேண்டும். அத்துடன், அங்கே நின்று குதிரை இலாயத் தலைவர் யாகூத்துடனான காதல் கதையை யாரும் அவிழ்த்துவிடக் கூடாது. அந்த அபிசீனியர் சுல்தானின் நன்மதிப்பைப் பெற்றதால் துருக்கியப் பிரபுக்கள் பொறாமை கொண்டார்கள் என்பதற்கு மேல் மின்ஹாஜ் எதுவும் சொல்லவில்லை. மற்றவை பின்னால் வந்தவர்கள் ஏற்றியவை. அதற்குப் பதிலாக, சகோதரர் ருக்னுதீனின் ஆட்சியில் வெறுப்புற்ற தில்லி மக்கள் முன்பு, நீதி கேட்போர் அணியும் சிவப்பு உடையில் தோன்றி ரசியா முறையிட்டதையும், மக்கள் எழுந்து அவரை அரியணையில் ஏற்றியதையும் சொல்லுங்கள். அந்தப் பகுதியை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.